கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி

சவிரிமுத்து குடும்பத்தில் ஐந்து பேர். ஐந்து பேரும் பெருநாள் உடுப்போடு, கோயில் வாசலில், வெயிலுக்கு முகம் கொடுத்து வரிசையாக நின்றார்கள். படத்தில் ஐந்து பேருக்கும் கண் மூடியிருந்தது.

யூலிற்றா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெயில் கூசினால் கண் மூடும், இதில் என்ன அதிசயம். ஒருவர் மூடுவார், இரண்டு பேர் மூடுவார்கள், ஐந்து பேரும் ஒன்றாக மூடுவது கொஞ்சம் அரிது, அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்தே சோறு தின்பவள் அவள். ஆச்சரியப்படுவதற்குக்கூட அன்றைக்கு அவளுக்கு அலுப்பாக இருந்தது.

பரந்தன் சந்தியில் யோகநாதனின் ஸ்ரூடியோவுக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்கு யன்னல் கிடையாது. பிலிம் கழுவிய காலத்தில் கட்டிய இருட்டறை அது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தபிறகு, தெருவில் ஓடும் லொறிகள் கிளப்பும் புழுதி எட்டாத ஒரே இடம் என்று கணினியைக் கொண்டுவந்து அதற்குள் வைத்துவிட்டார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே எந்நேரமும் ஒரே இருட்டு. சுவரில் ஊறிப்போன, பிலிம் கழுவிய பழைய மருந்தின் புளித்த வாசம், அதற்கு மேலே மண்ணெண்ணெய்ப் புகை, அதற்கும் மேலே அவளுடைய சொந்த வியர்வை. பின்பக்கம் ஓடும் ஜெனரேற்றரின் அதிர்வு சுவரில் ஏறி, கதிரைக் காலில் இறங்கி, முதுகெலும்பில் வந்து குந்திக்கொள்ளும். காலை பத்துக்குப் போட்டால் பின்னேரம் மூன்றுக்கு நிறுத்துவார்கள். கரண்ட் நின்றால் ஐந்து நிமிடமாவது தாங்கட்டும் என்று வாங்கி வைத்த பற்றரிப் பெட்டி செத்து ஒரு வருடமாகிறது.

அது 2006 ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. செய்ய வேண்டிய வேலை கேட்பதற்குச் சுலபமானது. இருநூற்றுப் பன்னிரண்டு படங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றி, சீடியில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

படங்கள் முல்லைத்தீவுக் கரையில் அவளுடைய சொந்த ஊரில் எடுத்தவை. சுனாமி வந்த அன்று அந்த ஊரில் ஆட்கள் மட்டும் போகவில்லை, அல்பங்களும் போயின. கலியாணப் படம், பிள்ளைகள் நற்கருணை வாங்கிய முதல்நன்மைப் படம், செத்த வீட்டுப் படம், ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே இந்த வருடம் யாகப்பர் பெருநாளுக்குப் பங்குச் சுவாமியார் ஒரு ஏற்பாடு செய்தார். ஊரில் மிஞ்சிய ஒவ்வொரு குடும்பமும் கோயில் வாசலில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும். ஒரு பிரதியை வவுனியாவில் கன்னியர் மடத்தில் வைத்துவிட வேண்டும். இனி என்ன வந்தாலும் முகமாவது மிஞ்சட்டும் என்று அவர் பூசையில் சொன்னபோது பெண்கள் அழுதார்கள்.

படம் எடுத்தது நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த றஜித். பெரிய கமரா, பெரிய கதை. ஆகத் திறமான தரத்தில் எடுக்கிறேன் என்று எல்லாவற்றையும் றோ என்ற வகையில் எடுத்து, ஒரு சின்ன டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிளேன் ஏறிவிட்டான். றோ என்றால் கமராவுக்குள் விழுந்த வெளிச்சம் விழுந்தபடி, யாரும் கைவைக்காமல் கிடக்கும். அதைச் சாதாரணக் கணினியில் திறக்கவும் முடியாது, பிறின்ற் போடவும் முடியாது. எல்லோரும் பாவிக்கும் ஜேபெக் வகையாக ஆக்கினால்தான் மனிதருக்கு உதவும்.

"இது அவியாத அரிசி, பிள்ளை," என்று யோகநாதன் டிஸ்க்கை அவளிடம் நீட்டும்போது சொல்லியிருந்தார். "பானைக்குள்ள போட்டு அவிச்சு இறக்கு. சுவாமியின்ர வான் ஞாயிறு விடிய வவுனியாவுக்கு வெளிக்கிடுது. அதுக்குள்ள சீடி வேணும்."

அந்த வான் வண்டிதான் யூலிற்றாவின் நெஞ்சில் இரண்டு கிழமையாக ஏறிக் குந்தியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வானில் சீடி மட்டும் போகவில்லை. ஊரில் சில பிள்ளைகளும் வவுனியாவில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போகிறார்கள். நாடு மறுபடியும் சண்டைக்குத் திரும்புகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த காலம். அவளுடைய மகள் கம்சாவுக்கும் வானில் ஒரு இடம் வைத்திருப்பதாகச் சுவாமியார் சொல்லியிருந்தார். கரையில் நின்று கடற்றொழில் செய்யும் அவளுடைய புருசன் யாக்கோப்பு, சனிக்கிழமைகளில் பரந்தனில் அவளும் கம்சாவும் இருந்த குடிசைக்கு வரும்போதெல்லாம் அதையேதான் கதைத்தான்.

"பிள்ளையை அனுப்பு யூலி."

"விடமாட்டன்."

"உன்ர கண்ணுக்கு முன்னால வச்சிருந்தா மட்டும் காப்பாத்திப் போடுவியே?"

மகன் இமானுவேலையும் கண்ணுக்கு முன்னால்தான் வைத்திருந்தாள். ஆறு வயது. சுனாமி அன்று அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினாள். உடலும் கிடைக்கவில்லை, ஒரு படமும் மிஞ்சவில்லை. இப்போது அவனுடைய புருவம் எப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் வருவதில்லை. அதை யாருக்கும் சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மிஞ்சியது கம்சா. பதின்மூன்று வயது, தகப்பனின் தேன்நிறக் கண். பூனைக்கண்ணி என்று ஊரே பகிடி பண்ணும். அவளை அனுப்பிவிட்டு வெறும் குடிசையில் யாருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு படுப்பது?

அன்று காலை பத்து மணிக்கு எல்லாப் படங்களையும் ஒன்றாகத் தெரிவு செய்து பொத்தானை அழுத்தினாள். ஒரு பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. ஒரு மணித்தியாலமும் காலும் எடுத்தது. முடிந்ததும் சரி பார்க்கத் தொடங்கினாள், ஒன்பதாவது படத்தில் சவிரிமுத்து குடும்பம் வந்தது. பத்தாவதில் ஆறு பேரில் நான்கு பேருக்குக் கண் மூடியிருந்தது. பதினோராவதில் எல்லோருக்கும்.

ஒவ்வொரு றோ படத்துக்குள்ளும் கமரா தன்பாட்டுக்கு நகமளவில் ஒரு சின்னப் படத்தைச் சேர்த்து வைத்திருக்கும், பார்த்தவுடன் ஆளை அறிய. யூலிற்றா சவிரிமுத்துவின் சின்னப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக உடைந்தது. ஆனால் ஐந்து பேருக்கும் கண் திறந்திருந்தது. சவிரிமுத்து முழித்துக்கொண்டே நின்றான்.

யோகநாதன் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, முழு ஊரும் நித்திரை கொள்ளுது?"

"சின்னதில திறந்திருக்கு அண்ணை. மாத்தினாப் பிறகு மூடிக்கிடக்கு."

"கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இந்த மிசினுக்கும் வயசு போச்சு. திரும்ப ஒருக்கா ஓட்டிப் பார்." அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். முன்பக்கத்தில் றேடியோ கரகரத்தது. காலையிலிருந்து வடக்குப் பக்கத்தில் குமுறல் கேட்டுக்கொண்டிருந்தது; கதவைத் தட்டினாற்போலத் திரும்பிப் பார்க்க வைக்கும் கிட்டத்தில் அல்ல, ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் திரும்ப ஓட்டினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. தேத்தண்ணீர் ஆறியது. கோடு முடியும்வரை சுவரில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கண் அயர்ந்தாள். அயர்ந்தவளுக்கு மூடிய கண்ணுக்குள்ளும் வரிசை வரிசையாக ஆட்கள் நின்றார்கள்.

பன்னிரண்டரைக்கு இரண்டாம் தடவை முடிந்தது. ஒன்பதாம் படத்தைத் திறந்தாள். அதே ஐந்து பேர், அதே மூடிய கண். இந்தமுறை அவள் அதைப் பெருப்பித்தாள். சவிரிமுத்துவின் முகம் திரை நிறைய வந்தது.

இந்த இடத்தில் யூலிற்றாவின் உண்மையான தொழிலைச் சொல்ல வேண்டும். அவள் செத்தவர்களின் கண்ணைத் திறப்பவள். சுனாமிக்குப் பிறகு உயிரோடிருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லாத சனம், கிடத்தியிருந்த உடலை எடுத்த படத்தைக் கொண்டுவந்து, "அக்கா, கண்ணைத் திறந்து தாங்கோ, சுவரில மாட்டக் கிடக்கட்டும்," என்று கெஞ்சியது. அவள் கூடப்பிறந்தவர்களின் படத்திலிருந்து கண்ணை எடுத்துப் பொருத்துவாள், ஓரங்களைக் கரைப்பாள், நாடிக்கட்டை, அதாவது செத்தவரின் வாய் திறவாமல் நாடியிலிருந்து உச்சிக்கு இழுத்துக் கட்டும் துணியை, அழித்துக் கழுத்தைத் தோலால் மூடுவாள். எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள், வெளிச்சம் பட்டாற்போல. அந்தப் புள்ளி எப்போதும் கடைசி. அது இல்லாவிட்டால் கண் திறந்திருந்தாலும் ஆள் செத்தவர்தான். அந்த ஒரு வருடத்தில் அவள் எண்பது பேருக்குப் புள்ளி வைத்தாள். தன் மகனுக்கு வைக்க அவளுக்குப் படம் கிடைக்கவில்லை.

ஆகவே இமைத்த கண் எது, மூடிவிட்ட கண் எது என்று அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. இமைக்கிறவனின் இமை இறுகும், புருவம் இறங்கும், கன்னத்தில் ஒரு சுருக்கம் விழும். இன்னொருவர் கைவைத்து மூடிவிட்ட கண்ணில் எந்த இறுக்கமும் இராது. இமை முழுதாகப் பொருந்தாது. கீழே நூலளவில் வெள்ளை தெரியும்.

சவிரிமுத்துவின் இமைக்குக் கீழே நூலளவில் வெள்ளை தெரிந்தது. வாய் கொஞ்சம் பிளந்திருந்தது. முதல் தடவை மூடியிருந்த வாய்.

பக்கத்தில் நின்ற அவன் மனைவிக்கும் அதே வெள்ளை. அவள் இடுப்பில் இருந்த பிள்ளைக்கும்.

யூலிற்றா கதிரையைப் பின்னால் தள்ளினாள். நித்திரை இல்லாத கண், பொய் காட்டுகிறது என்று தனக்குத் தானே சொன்னாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். பொய் காட்டவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஊர் முழுக்க நின்றது. கூத்தில் இராசா வேசம் கட்டுகிற கிழவர், பூசைக்கு மணி அடிக்கிறவர், அவளுக்குச் சட்டை தைத்துத் தருகிற பெண். பெரும்பாலும் மூடிய கண்கள். எல்லோரும் அல்ல, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு குடும்பத்தில் தாய் மட்டும் திறந்த கண்ணோடு நின்றாள், சுற்றிவர மூடியவர்கள். இன்னொன்றில் ஒரு கைக்குழந்தை மட்டும். நாற்பத்து நான்காம் படத்தில் அன்னபாக்கியம் வீட்டார் ஆறு பேரும் பளிச்சென்று முழித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்னபாக்கியம் வீட்டார் போன கிழமை மன்னாரால் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். யாக்கோப்புதான் வந்து சொன்னான். வாசலில் சங்கிலிகூடப் போடாமல் போனார்களாம்.

நூற்றிரண்டாம் படத்தில் மணியகாரர் வீட்டில் மூத்த மகன் மட்டும் கண் திறந்திருந்தான். அவன் பெருநாள் முடிந்த கையோடு கட்டாருக்குப் போனவன்.

யூலிற்றாவுக்கு விளங்கியது. விளங்கியதை மனம் வாங்க மறுத்தது. போனவர்களுக்குத் திறந்திருக்கிறது. இருக்கிறவர்களில் அநேகருக்கு மூடியிருக்கிறது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை வானில் போக இருந்த பிள்ளைகள் ஏழு பேரையும் அவளுக்குத் தெரியும். அவர்களைத் தேடிப் பார்த்தாள். ஐந்து பேருக்குக் கண் மூடியிருந்தது. வவுனியாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏன்? அவளால் சொல்ல முடியவில்லை.

தன் குடும்பப் படத்தை மட்டும் அவள் திறக்காமல் தாண்டித் தாண்டிப் போயிருந்தாள். நூற்று அறுபத்து மூன்று. மூன்றாம் தடவையும் ஓட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு ஊரத் தொடங்கியது. அது ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, கை தன்பாட்டில் போய், இரண்டாம் தடவை மாற்றிய நூற்று அறுபத்து மூன்றைத் திறந்தது.

பெருநாள் அன்று உடுத்த நீலச் சேலையில் அவள் நடுவில் நின்றாள். வெள்ளைப் பூக்கரை போட்ட சேலை. வலப்பக்கம் யாக்கோப்பு, இடப்பக்கம் கம்சா.

யாக்கோப்புக்குக் கண் மூடியிருந்தது.

கம்சாவுக்குக் கண் மூடியிருந்தது. நூலளவில் வெள்ளை. வாய் பிளந்திருந்தது.

நடுவில் நின்ற அவளுக்கு மட்டும் இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. தான் சாகவில்லை என்று பார்த்து ஒரு மனிதப் பிறவி இவ்வளவு நடுங்குமா என்று அவளே யோசித்தாள். மறுபடியும் நான்தானா, ஆண்டவரே. மறுபடியும் நான்தான் மிஞ்ச வேண்டுமா.

அனுப்புவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். இரண்டு கிழமையாகப் பிடித்த பிடிவாதம் ஒரு நொடியில் போயிற்று. கம்சா போகட்டும். வானில் அவளை ஏற்றியபின் மறுபடி ஓட்டிப் பார்ப்பாள். அன்னபாக்கியம் வீட்டார் மாதிரிக் கண் திறந்து நிற்பாள். ஞாயிறுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இன்றைக்கே, இப்போதே பஸ் பிடித்து ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவில் இறக்கிவிடலாம்.

எழுந்து முன்பக்கம் ஓடினாள். வெளிச்சம் கண்ணில் குத்தியது. யோகநாதன் தெருவில் நின்றார். கடைக்காரர் எல்லோரும் தெருவில் நின்றார்கள். சந்தியில் தெற்குப் பக்கமாகப் போன பஸ் ஒன்று திரும்பி வந்து, சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணை, நான் கம்சாவைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போறன். சுவாமிக்குச் சொல்லிவிடுங்கோ, பிள்ளை வாறாள் எண்டு."

யோகநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் பகிடி இல்லை.

"எங்க போறது பிள்ளை? பாதை மூடியாச்சு. அந்தப் பக்கமும் மூடியாச்சு, இந்தப் பக்கமும் மூடியாச்சு. வடக்க முகமாலையில சண்டை தொடங்கியிட்டுது."

"ஞாயிறு வான்..."

"வானுமில்லை, ஒண்டுமில்லை. சீடியையும் அவசரப்பட்டு அடிக்காத. இனி ஆர் கொண்டுபோறது."

ஏழு பிள்ளைகள். ஐந்து பேருக்குக் கண் ஏன் மூடியிருந்தது என்று இப்போது தெரிந்தது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். யூலிற்றாவுக்கு அந்த வெள்ளத்தை ஏற்கெனவே தெரியும். அவள் தலை நிமிராமல் உள்ளே போனாள்.

மூன்றாம் தடவை முடிந்திருந்தது.

நூற்று அறுபத்து மூன்றைத் திறந்தாள். கம்சாவின் வாய் இப்போது பிளந்திருக்கவில்லை. நாடியிலிருந்து உச்சிக்கு ஒரு துணி கட்டியிருந்தது. வழக்கமான வெள்ளைத் துணி அல்ல. அவசரத்தில் கிழித்த துணி. நீலம். வெள்ளைப் பூக்கரை.

நடுவில் நின்ற யூலிற்றாவின் சேலை முந்தானையில் கரையைக் காணவில்லை. நூல் நூலாகத் தொங்கியது.

யாக்கோப்புக்கு ஒன்றும் கட்டியிருக்கவில்லை. அவன் வாய் திறந்தபடி. கட்டிவிட யாரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். கை மவுஸைப் பிடித்தது. அந்தக் கைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்கு எண்பது தடவை செய்ததைத் தன் பிள்ளைக்குச் செய்யாமல் விடுவதா? கூடப்பிறந்தவன் இல்லை. இரத்தத்தில் யாரிடம் எடுப்பது? அந்தப் படத்திலேயே திறந்த கண் இரண்டு இருந்தன.

எடுத்துக்கொள் மகளே. நீ பார். நான் மூடிக்கொள்கிறேன்.

தன் கண்களை வெட்டினாள். மகளின் இமைகளுக்கு மேல் வைத்தாள். சரிவைத் திருத்தினாள். ஓரங்களைக் கரைத்தாள். நாடிக்கட்டை அழித்தாள். மேலிருந்து கீழாக, நூல் நூலாக. அந்த நீலத்தை அழிக்கும்போது விரல் நுனியில் துணியின் சொரசொரப்புத் தெரிந்தது. நெற்றி வியர்வை மேசையில் சொட்டியது. கழுத்துக்குத் தோல் போட்டாள். ஒவ்வொரு படியையும் சேமித்தாள், செத்த பற்றரிப் பெட்டியை நம்ப முடியாது.

கம்சா பார்த்தாள். அவளுடைய தேன்நிறக் கண்ணால் அல்ல, தாயின் கறுத்தக் கண்ணால். ஆனாலும் பார்த்தாள். உதட்டில் பெருநாள் சிரிப்புத் திரும்பி வந்தாற்போல இருந்தது.

சேமித்தாள். இனிப் புள்ளி மட்டும்தான். தூரிகையை ஆகச் சின்னதாக்கினாள். வெள்ளை நிறத்தைத் தொட்டாள். இடது கண்மணிக்கு மேல் கொண்டுபோனாள்.

ஜெனரேற்றர் நின்றது.

திரை அணைந்தது. இருட்டு. பதினெட்டு வருடத்துப் புளித்த இருட்டு. முதுகெலும்பில் குந்தியிருந்த அதிர்வு போனதும், உடம்பே இல்லாதது போல் இருந்தது.

"இனி எண்ணெய் வராது பிள்ளை," என்று யோகநாதனின் குரல் பின்பக்கத்திலிருந்து வந்தது. "இருக்கிறதைப் பாத்துப் பாவிக்கவேணும். நாளைக்குப் பாப்பம்."

"அண்ணை, ஒரு நிமிசம். ஒரு நிமிசம் போடுங்கோ."

"நாளைக்குப் பிள்ளை."

"ரெண்டு புள்ளி அண்ணை! ரெண்டே ரெண்டு புள்ளி!"

அவர் தெருவுக்குப் போய்விட்டிருந்தார். அவள் இருட்டில் மவுஸை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. வாசலில் கம்சா நின்றாள். ரியூசன் வகுப்பிலிருந்து வருகிறாள், கொப்பியை நெஞ்சோடு அணைத்திருந்தாள். வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது. முகம் தெரியவில்லை, உருவம் மட்டும் தெரிந்தது.

"அம்மா, வகுப்பை விட்டிட்டினம். எல்லாரும் ஓடுகினம். என்னம்மா நடந்தது?"

குரல் கம்சாவின் குரல்தான். யூலிற்றாவுக்கு நெஞ்சு கரைந்தது. எழுந்து போய் மகளின் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. வியர்த்திருந்தது. உயிருள்ள கை. எல்லாம் அலுப்பும் நித்திரையின்மையும்தான் என்று ஒரு நொடி, முழுதாக ஒரு நொடி, அவள் நம்பினாள்.

"வா பிள்ளை. வெளிச்சத்துக்கு வா."

முன் வாசல் படிக்குக் கூட்டிவந்தாள். மூன்று மணி வெயில் மேற்கிலிருந்து நேராக அடித்தது. சந்தியில் சனம் சாமான் மூட்டைகளோடு அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. யூலிற்றா மகளின் நாடியைப் பிடித்து முகத்தை வெயிலுக்கு உயர்த்தினாள், ஐடென்ரி காட் படம் எடுக்க வருகிறவர்களை நிமிர்த்துவது போல.

"ஏனம்மா இப்பிடிப் பாக்கிறியள்?" என்று கம்சா சிரித்தாள்.

பூனைக்கண்ணின் தேன்நிறம் எங்கும் இல்லை. கறுத்தக் கண். யூலிற்றா தினமும் கண்ணாடியில் பார்க்கிற கண். வெயில் அதற்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது. அவள் இடது கண்மணியில் அந்த வெள்ளைப் புள்ளியைத் தேடினாள். பிறகு வலதில் தேடினாள்.

முகத்தை இன்னும் கொஞ்சம் சூரியன் பக்கம் திருப்பினாள். கம்சா இமைக்கவில்லை.